சீபாப் மெஷினும் முதல் சில மாதங்களும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வைத்தியர் இல்லை. உறக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே அழுத்தமான காற்றைத் தரும் இந்த சீபாப் மெஷினோடு உறங்கிப் பழகியவன், அவ்வளவுதான். உவர்மலையிலிருந்து கிண்ணியா வரை யாருக்காவது வைத்தியர் சீபாப் என்று எழுதிக் கொடுத்தால் எப்படியோ என் தொலைபேசி இலக்கம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் மெஷினில் எவ்வளவு அழுத்தம் வைப்பது, எந்த மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது என்பதெல்லாம் வைத்தியரின் வேலை. கிளினிக்கில் வரிசை நீளம் என்பதால் அவர் சொல்லாமல் விட்டவைதான் கீழே இருக்கின்றன.

குறட்டை விடாத மனிதர் உண்டா? இதற்குப் போய் ஒரு மெஷினா?

குறட்டையை விட அதன் நடுவே திடீரென்று வரும் அமைதிதான் கவலைக்குரியது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்தில் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது, பெரும் சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. இது இரவு முழுவதும் நடக்கும். காலையில் உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்தவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

இதுதான் ஸ்லீப் அப்னியா. எழுந்ததும் தலைவலி, உலர்ந்த வாய், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, கதிரையில் சாய்ந்தவுடன் கண் சொருகுவது, எத்தனை மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர் எல்லாம் அதன் அடையாளங்கள். தடித்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்கவேண்டாம். தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருந்தால் மெலிந்தவர்களுக்கும் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது கூடுகிறது. ஆனால் நம்மூரில் எந்தப் பெண்ணும் வைத்தியரிடம் போய் "நான் குறட்டை விடுகிறேன்" என்று சொல்வதில்லை. "உடம்பு ஒரே அலுப்பு" என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கைத்தொலைபேசியிலேயே குறட்டையைப் பதிவு செய்துவிட்டேன். அதுவே போதாதா?

வைத்தியரிடம் காட்டுவதற்கு அது நல்ல சான்று, கொண்டுபோங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆனால் நோய் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை உறக்கப் பரிசோதனைதான் சொல்லும். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பட்டி, விரலில் கவ்வி ஆகியவற்றோடு ஓர் இரவு உறங்கவேண்டும். வைத்தியசாலையில் செய்யும் விரிவான பரிசோதனையும் உண்டு, வீட்டிலேயே செய்யும் சிறிய கருவியும் உண்டு. ஏற்கெனவே சீனி வியாதிக்கோ பிரஷருக்கோ மாதாந்தம் கிளினிக் போகிறவர்கள் அந்த வைத்தியரிடமே பேச்சைத் தொடங்கலாம். சுவாச நோய் நிபுணருக்கோ, காது மூக்கு தொண்டை நிபுணருக்கோ அங்கிருந்தே கடிதம் வாங்கிவிடலாம்.

அறிக்கை வந்ததும் முதலில் ஏஎச்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அது. 5இற்குக் கீழே என்றால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ஆறு மணி நேர உறக்கத்தில் 180 தடைகள் என்றால் உங்கள் எண் 30. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது ஒட்சிசன் மெஷினா? தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதுதானே?

இரண்டும் இல்லை. அறையில் உள்ள காற்றையே உறிஞ்சி, வடிகட்டி, சற்று அழுத்தம் கூட்டித் தருகிறது. அந்த அழுத்தம் தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது, சுவர் சரிவதில்லை. மூச்சை நீங்களே விடுகிறீர்கள், மெஷின் விடுவதில்லை. 1981இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்தது. அதோடு ஒப்பிட்டால் முகத்தில் ஒரு மாஸ்க் என்பது பெரிய விஷயமே இல்லை.

கொரோனா காலத்தில் வைத்தியசாலைகளில் இதுபோன்ற கருவிகளை மாட்டிய படங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். வீட்டில் இதை வைத்திருப்பவர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பார்க்க வருகிறவர்கள் தோடம்பழமும் பிஸ்கற்றும் கொண்டுவரத் தேவையும் இல்லை.

ஒருமுறை தொடங்கினால் பழகிப்போய், பிறகு அது இல்லாமல் மூச்சே வராதாமே?

அப்படி இல்லை. ஓர் இரவு போடாமல் விட்டால் பழைய குறட்டையும் பழைய தடைகளும் திரும்பும். அதற்கு மேல் புதிதாக ஒரு கேடும் வராது. கண்ணாடி போடுகிறவருக்கு அதைக் கழற்றினால் பார்வை மங்குவதைப் போலத்தான் இதுவும். மெஷின் நோயைக் குணமாக்குவதில்லை, போட்டிருக்கும் நேரம் மட்டும் தடுத்து வைக்கிறது. எத்தனை காலம் என்ற கேள்விக்கு உடல் எடை பற்றிய கேள்வியில் பதில் இருக்கிறது.

மாஸ்க் மூன்று விதமாகக் காட்டினார்கள். எதை வாங்குவது?

நான் பார்த்த அளவில் மெஷினை ஒதுக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் உண்மையில் தோற்றது மாஸ்க்கிடம்தான். ஆகவே காசையும் நேரத்தையும் இங்கேதான் செலவிட வேண்டும். மூக்கை மட்டும் மூடுவது ஒரு வகை. மூக்குத் துளைகளின் வாயிலில் இரண்டு சிறு மெத்தைகளாக அமர்வது இன்னொரு வகை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. மூக்கால் மூச்சு விட முடிகிறவர்கள் முதல் இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. அவை சிறியவை, கசிவும் குறைவு. வாயைத் திறந்தே உறங்குகிறவர்களுக்கும் மூக்கடைப்பு தீராதவர்களுக்கும் மூன்றாவது வகை. பக்கவாதம் போன்ற காரணத்தால் தன் கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாதவருக்கு மூன்றாவது வகையை வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. வாந்தி வந்தால் ஆபத்து.

கடையில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். படுத்து, மெஷினை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். படுத்ததும் முகத்தின் சதை நகர்கிறது, அப்போதுதான் கசிவு தெரியும். கசிந்தால் உடனே பட்டியை இறுக்குவதுதான் எல்லோருக்கும் கை போகும் வேலை. இறுக்க இறுக்க சிலிக்கன் விளிம்பு மடிந்து இன்னும் கசியும், மூக்கின் மேல் சிவந்து புண்ணாகும். பட்டியைத் தளர்த்தி, மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து, காற்று நிரம்பிய பிறகு மெல்ல அமரவிடுங்கள். பட்டிக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையவேண்டும்.

சில மாஸ்க்குகளில் காந்தக் கொக்கிகள் இருக்கின்றன. உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்கின் முன்னால் உள்ள சின்னத் துளைகளால் காற்று போகிறது. ஒட்டிவிடலாமா?

கூடவே கூடாது. நீங்கள் வெளிவிடும் மூச்சு போகும் வழி அது. அடைத்தால் கரியமில வாயுவையே திரும்பத் திரும்ப உள்ளே இழுப்பீர்கள்.

முதல் இரவே மூச்சு முட்டியது. கழற்றி எறிந்துவிட்டேன். எனக்கு இது ஒத்துவராது போலிருக்கிறது?

அநேகமாக எல்லோருக்கும் முதல் இரவு அப்படித்தான். காற்று உள்ளே தள்ளுகிறது, அதற்கு எதிராக மூச்சை வெளியே விடவேண்டியிருக்கிறது, முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றையும் களைத்துப்போன உடம்போடு, இருட்டில், ஒரேயடியாகச் சந்தித்தால் மனம் பதறத்தான் செய்யும். பகலில் பழகுங்கள். முதலில் மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்தபடி செய்தி பாருங்கள். பிறகு பட்டியைக் கட்டி, மெஷினை ஓடவிட்டு, அதே கதிரையில் அரை மணி நேரம். அதற்கடுத்து மதியம் ஒரு சிறு தூக்கம். அதன் பிறகுதான் இரவு. ஒரு வாரம் இதற்கென்று கொடுத்தாலும் நட்டமில்லை.

மெஷினிலேயே இரண்டு உதவிகள் இருக்கின்றன. ஒன்று ரேம்ப்: அழுத்தம் குறைவாகத் தொடங்கி, நீங்கள் உறங்கும் நேரத்துக்குள் மெல்ல ஏறும். மற்றது மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைத் தாழ்த்தும் வசதி. விற்றவரிடம் இரண்டும் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். நடு இரவில் விழித்து அழுத்தம் அதிகமாகத் தெரிந்தால் மெஷினை நிறுத்தி மறுபடி தொடங்கினால் ரேம்பும் முதலிலிருந்து தொடங்கும். உறக்கத்தில் தெரியாமலே மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறவர்கள் விழித்ததும் திரும்பப் போட்டால் போதும், அதற்காகத் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். முதல் நாட்களில் நீளமான, வண்ணமயமான கனவுகள் வந்தால் மகிழுங்கள். பல காலமாக அறுபட்டுக்கொண்டிருந்த கனவு உறக்கம் திரும்பி வருகிறது.

இரவில் கரண்ட் போனால் மாஸ்க்குக்குள்ளேயே மூச்சு அடைத்துவிடுமா?

அடைக்காது. வாயையும் மூடும் மாஸ்க்கில் காற்று நின்றதும் தானே திறக்கும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் என்றால் உங்கள் வாய் திறந்தே இருக்கிறது. காற்று நின்றதும் பெரும்பாலும் விழித்துவிடுவீர்கள், கழற்றி வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குத் தடைகள் குறைகின்றன.

2022இன் மின்வெட்டை அனுபவித்தவர்கள் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனதை மறக்கமாட்டார்கள். அதனால் பற்றரி பற்றிக் கேட்பது நியாயமே. கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஓரிரு மணி நேரம் தாங்கும். ஆனால் கரண்ட் இல்லாத நேரம் முழுவதும் அது கீச்சுக் கீச்சென்று கத்தும், வீட்டில் யாரும் உறங்க முடியாது. 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரி ஒன்று, ஈரமூட்டியை (தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி மூச்சுக் காற்றை ஈரமாக்கும் பகுதி) நிறுத்தி வைத்தால், இரண்டு மூன்று இரவு தாராளமாக ஓட்டும். மின்சாரத்தைக் குடிப்பது காற்றுத் தள்ளும் மோட்டார் இல்லை, தண்ணீரைச் சூடாக்கும் தட்டு. உங்கள் மாதிரிக்கென்று விற்கும், பற்றரியில் நேராக மாட்டும் நேர்மின் (டிசி) இணைப்பு வயர் இருந்தால், பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரில் வீணாவதும் மிஞ்சும்.

கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. ஈரமூட்டியோடு 60 வாட் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் குறைவு. மாதத்துக்கு 15 யூனிட்டைத் தாண்டாது. ஈரமூட்டி இல்லாவிட்டால் அதில் பாதிகூட வராது.

தொட்டிக்கு எந்தத் தண்ணீர் விடுவது? கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீர் போதாதா? பற்றரித் தண்ணீர் விடலாமா?

காய்ச்சி வடித்த நீர்தான் விடவேண்டும். பாமசியில் போத்தலில் கிடைக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள்: அங்கே படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு இந்தத் தொட்டியிலும் படியும். கடற்கரை ஓரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும், அதை விட்டால் தொட்டி சீக்கிரமே பழுதாகும். ஓர் இரவு காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால் போத்தலில் வரும் குடிநீரை விட்டு மறுநாள் நன்றாகக் கழுவிவிடலாம். அல்லது தண்ணீரே விடாமல் ஓட்டலாம், மெஷின் கெடாது.

பற்றரிக் கடையில் வாங்கவேண்டாம். அங்கே அசிட்டும் தண்ணீரும் ஒரே மாதிரிப் போத்தலில் அடுத்தடுத்து நிற்கும். மூச்சில் போகும் பொருளை அந்த வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து விடலாமா என்று ஒருவர் உண்மையிலேயே கேட்டார். விடக்கூடாது. அதுவும் தாதுக்கள் கரைந்த நீர்தான். வாசத்துக்காக யூகலிப்டஸ் தைலமோ விக்ஸோ சொட்டு விடவும் கூடாது.

காலையில் மூக்கும் தொண்டையும் வரண்டு எரிகின்றன. சில நாள் எதிர்மாறாகக் குழாயில் தண்ணீர் கடகடக்கிறது. என்ன செய்வது?

இரண்டுமே ஈரமூட்டியின் அளவைப் பொறுத்தவை, நமது ஊரில் அந்த அளவு காற்றைப் பொறுத்து மாறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று சூடாகவும் வரட்சியாகவும் இருக்கும், அப்போது ஈரத்தை ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் குறைத்துவிடுங்கள். மின்விசிறி மட்டும் உள்ள அறையில் அந்த மாதங்களில் ஈரமூட்டியே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் சேர்வது பெரும்பாலும் ஏசி அறைகளில்தான்: உள்ளே வெதுவெதுப்பான ஈரக் காற்று, வெளியே குளிர்ந்த குழாய். ஏசியின் குளிரைக் குறையுங்கள், அல்லது குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், அல்லது துணி உறை போடுங்கள்.

வாய் மட்டும் வரள்கிறதென்றால் அது ஈரப் பிரச்சினை இல்லை. மூக்கில் போகும் காற்று வாய்வழியே வெளியேறுகிறது. மூக்கடைப்புக்கு வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். அப்போதும் வாய் மூடாவிட்டால் மூன்றாவது வகை மாஸ்க்குக்கு மாறுங்கள்.

நாங்கள் பாயில் படுப்பவர்கள், நுளம்பு வலையும் கட்டுகிறோம். மெஷினை எங்கே வைப்பது?

கட்டில் என்றால் தலையை விடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். பாயில் படுப்பவர்கள் வெறுந்தரையில் வைக்காமல், நான்கு விரல் உயரப் பலகையில் ஆட்டமில்லாமல் வைக்கலாம். தலையை விட உயர்ந்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே முகத்துக்கு வந்துவிடும் என்பதுதான். தொட்டியைக் கோட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள். மெஷின் வலைக்கு வெளியே இருக்கட்டும், குழாயை வலையின் கீழ் விளிம்பால் உள்ளே எடுத்து, துணியைப் பாய்க்கு அடியில் செருகுங்கள்.

முக்கியமான ஒன்று: மெஷின் பின்பக்கத்தால் அறைக் காற்றை இழுக்கிறது. அதன் பின்னால் நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்தால் அந்தப் புகையை இரவு முழுவதும் நேராக மூக்குக்குள் செலுத்துகிறீர்கள். சாம்பிராணியும் அப்படித்தான். சுருள் வேண்டுமென்றால் மாலையில் கொளுத்தி, படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். பகலில் குழாயின் வாயை மூடி வையுங்கள், எறும்பு குடியேறுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

வாப்பா தாடி வைத்திருக்கிறார், உம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் படுக்கமாட்டார். மாஸ்க் ஒட்டுமா?

தாடிக்கு மூக்குத் துளையில் அமரும் சிறிய மெத்தை வகை நல்லது, அது தாடியைத் தொடவே தொடாது. எண்ணெய்தான் பகை. தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்து சிலிக்கனில் பட்டால் மாஸ்க் வழுக்கும், நாளடைவில் விளிம்பு தளர்ந்துபோகும். எண்ணெயைக் காலையில் குளிக்கும் முன் வைக்கச் சொல்லுங்கள். படுக்கும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும். திருநீறு, பவுடர், கிறீம் எல்லாவற்றுக்கும் இதே விதி.

தினமும் கழுவவேண்டுமா? டெட்டோல் போடலாமா?

முகத்தில் படும் மெத்தையைத் தினமும், குழாயையும் பட்டியையும் வாரம் ஒருமுறை. மென்மையான சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் காலையில் கொட்டிவிடுங்கள், மேலே புதிதாக நிரப்பாதீர்கள். டெட்டோல், குளோரின், வெயிலில் காயவைத்தல் மூன்றும் சிலிக்கனையும் பிளாஸ்ரிக்கையும் கெடுக்கும். நிழலில் தொங்கவிடுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை பாருங்கள். உப்புக் காற்றும் தூசியும் உள்ள வீடுகளில் அது சீக்கிரம் கறுக்கும், கறுத்தால் மாற்றுங்கள்.

வயிறு ஊதிக்கொள்கிறது, விடிந்ததும் ஒரே ஏப்பம். ஏன்?

காற்றை விழுங்குகிறீர்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுங்கள், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் அழுத்தம் கூடுதலாக இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். நெஞ்சு கரிக்கும் வியாதி இருப்பவர்கள் அதற்கான மருந்தையும் கவனிக்கவேண்டும்.

கனடாவில் உள்ள மாமா தான் பாவித்த மெஷினை அனுப்பியிருக்கிறார். அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

அப்படியே போடக் கூடாது. அதில் இருப்பது மாமாவின் அழுத்தம். மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரையான அளவில் இயங்குகின்றன, உங்களுக்கு எது என்பதை உங்கள் அறிக்கையை வைத்து முடிவு செய்யவேண்டும். தானே கூட்டிக் குறைக்கும் ஓட்டோ மெஷினாக இருந்தாலும் மேல் எல்லையும் கீழ் எல்லையும் உங்களுக்கென்று அமைக்கப்பட வேண்டும். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாக வாங்குங்கள்.

மெஷினோடு வரும் மின்சாரப் பெட்டியின் (அடாப்டர்) ஸ்டிக்கரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஓடும், பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும். 120 மட்டும் என்றிருந்தால் செருகவே செருகாதீர்கள். கடைசியாக, மாதிரியின் பெயரைப் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பழைய ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாதிரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியை அடக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைந்து, துகள்களும் வாயுவும் மூச்சில் கலக்கக்கூடும் என்பது காரணம். வெளிநாட்டில் அலுமாரியில் கிடந்து இங்கே வரும் மெஷின்களில் அவையும் இருக்கலாம்.

இரவு நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்கிறார்களே?

அந்த நான்கு மணி நேரம் அமெரிக்கக் காப்புறுதிக் கணக்கிலிருந்து வந்த அளவு. நோயாளி மெஷினைப் பாவிக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதற்காக வைத்தது, போதுமான அளவு என்று அர்த்தமில்லை. கனவு உறக்கம் விடியற்பக்கம்தான் அதிகம், அந்த நேரத்தில்தான் பலருக்குத் தடைகளும் அதிகம். இரண்டு மணிக்குக் கழற்றிவிட்டால் மோசமான பகுதியை மெஷின் இல்லாமல் கழிக்கிறீர்கள்.

உறங்கும் நேரமெல்லாம் போடவேண்டும், பகல் என்றாலும் சரி. இரவில் கடலுக்குப் போய்விட்டுக் காலையில் படுப்பவர்களுக்கும் இரவு வேலைக்காரர்களுக்கும் அவர்களின் பகல்தான் இரவு. நோன்பு மாதத்தில் சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுக்கும்போதும் அப்படியே. மெஷின் தருவது வெறும் காற்று. ஈரமூட்டியின் ஆவி நோன்பை முறிக்குமோ என்று மனம் சஞ்சலப்பட்டால் அந்த உறக்கத்துக்கு மட்டும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். மார்க்கக் கேள்வியை மௌலவியிடம் கேளுங்கள்.

தடிமன் பிடித்தால்?

மூக்கு திறந்திருந்தால் தொடருங்கள், உப்புநீர்ச் சொட்டு உதவும். முற்றாக அடைத்திருந்தால் ஓரிரு இரவு விடலாம், தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள். காது வலி, மூக்கில் இரத்தம், முகத்திலோ தலையிலோ அண்மையில் சத்திரசிகிச்சை என்றால் வைத்தியரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கொழும்புக்கு இரவு ரயில், அங்கிருந்து விமானம். எப்படிக் கொண்டுபோவது?

இருக்கையில் சாய்ந்து குட்டித் தூக்கம் போடுவதற்காக ரயிலில் மெஷினை விரிக்கவேண்டாம், மாஸ்க்கைக் காலால் மிதித்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் போடுங்கள். விமானத்தில் மெஷினைக் கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள், பெட்டியில் போட்டு ஏற்றாதீர்கள். தொட்டியை முற்றாகக் காலி செய்யுங்கள், வைத்தியரின் கடிதத்தைக் கையில் வையுங்கள். லிதியம் பற்றரி 100 வாட் மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160இற்கு மேல் ஏற்றமாட்டார்கள்.

மெஷின் திரையில் ஏஎச்ஐ எண் 2, 3 என்று அழகாகக் காட்டுகிறது. ஆனாலும் பகலில் கண் சொருகுகிறதே?

எண் 5இற்குக் கீழே இருப்பது நல்ல செய்தி. முதலில் கசிவு எண்ணையும் பாவித்த மணி நேரத்தையும் பாருங்கள். கசிவு அதிகமாக இருந்தால் மெஷின் தடைகளைச் சரியாக எண்ணாது. ஐந்து மணி நேரமே உறங்குகிறவருக்கு எந்த மெஷினும் ஏழு மணி நேர உறக்கத்தைத் தராது. இவை சரியாக இருந்தும் தூக்க மயக்கம் தீராவிட்டால் தைரொயிட், இரத்தச்சோகை, மனச்சோர்வு, அலர்ஜி மாத்திரை என்று வேறு காரணங்களை வைத்தியர் தேடவேண்டும்.

எதிர்மாறாக, ஒழுங்காகப் போட்டும் எண் இறங்கவே இல்லை என்றால், தொண்டை அடைப்பதால் வரும் தடை இல்லாமல் மூளை மூச்சுக்குக் கட்டளை அனுப்பத் தவறும் வகையாக இருக்கலாம். அதற்கு அழுத்தத்தைக் கூட்டினால் சில சமயம் மோசமாகும். நீங்களே மெஷினின் மறைவான அமைப்புப் பட்டியலைத் திறந்து அழுத்தத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதுதான். இருதயம் பலவீனமானவர்களும் நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சிலருக்கு மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என இரண்டு அழுத்தம் தரும் பைபாப் மெஷின் தேவைப்படலாம்.

இதைப் போட்டால் மாரடைப்பே வராது என்று விற்றவர் சொன்னார். உண்மையா?

விற்பவர் அப்படித்தான் சொல்வார். 2016இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இருதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700இற்கு மேற்பட்டோரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சீபாப் கொடுத்துப் பார்த்தார்கள். சீபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்று மணி நேரம் சொச்சம்தான் போட்டிருந்தார்கள் என்பதையும், பகல் தூக்க மயக்கமும் குறட்டையும் மன நிலையும் தெளிவாக மேம்பட்டன என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பிரஷர் சிறிதளவு இறங்கும், மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. நல்ல உறக்கத்துக்காகவும் விழிப்பான பகலுக்காகவும் போடுங்கள்.

பதினைந்து கிலோ குறைத்துவிட்டேன். நிறுத்தலாமா?

நிறுத்தலாமா என்பதைத் தராசு சொல்லாது, மறு பரிசோதனைதான் சொல்லும். எடை குறைந்தால் பலருக்கு நோய் இறங்குகிறது, சிலருக்கு முற்றாகவே போய்விடுகிறது. தாடை அமைப்பால் வந்தவர்களுக்கு அவ்வளவு மாற்றம் இருக்காது. தாளில் எழுதி வைக்கச் சொன்ன பழைய எண் இப்போதுதான் பயன்படும், புதிய எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெஷினை உடனே விற்றுவிடாதீர்கள், எடை திரும்பும் குணம் உடையது.

ஒரு சின்னச் சத்திரசிகிச்சை இருக்கிறது. இதைச் சொல்லவேண்டுமா?

கட்டாயம். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நேராகச் சொல்லுங்கள், மெஷினையும் மாஸ்க்கையும் கூடவே கொண்டுபோங்கள். மயக்க மருந்தும் கடும் வலி மருந்துகளும் தொண்டையை மேலும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் சாராயமும் செய்வது அதே வேலையைத்தான்.

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறார். அறிக்கையில் ஏஎச்ஐ 42 என்று வந்திருக்கிறது. "லைசன்ஸ் போய்விடும், யாருக்கும் சொல்லாதே" என்கிறார். மாஸ்க்கும் போடமாட்டாராம். நான் என்ன செய்ய?

ஹபரணைக் காட்டு வழியில் விடிய மூன்று மணிக்கு ஸ்டியரிங்கில் கண் அசருவதுதான் அவர் வேலைக்கு உண்மையான ஆபத்து. மெஷினை ஒழுங்காகப் போட்டு, பகல் தூக்க மயக்கம் தீர்ந்து, வைத்தியரும் சரி என்று சொன்ன பிறகு ஓட்டலாம். அதுவரை இரவு ஓட்டத்தை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார். அடுத்த கிளினிக் நாளில் கூடவே போய், வைத்தியருக்கு முன்னால் வைத்து, அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

மாஸ்க் விஷயத்தில் சண்டை பிடிக்காதீர்கள். ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதாக இருக்கலாம், மூக்கில் புண் வந்திருக்கலாம், அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மேலே வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு அவர் படுக்கும்போது மாஸ்க்கை மட்டும் கையில் கொடுத்துத் தொடங்கிப் பாருங்கள்.